அமெரிக்கக் கல்லூரியில் மகளிர் கால்பந்துத் தலைமைப் பயிற்சியாளர் ஆவது எப்படி?

அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் மகளிர் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக விரும்புபவர், ஆட்ட உத்திகளைப் படிப்பதற்கு முன் அந்த வேலையின் ஆண்டுக் கணக்கைப் பார்ப்பது நல்லது. ஆகஸ்டில் பயிற்சியும் முதல் ஆட்டங்களும் தொடங்குகின்றன. நவம்பர் தொடக்கத்தோடு வழக்கமான பருவம் முடிந்துவிடும். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ என்ற தேசிய அமைப்பின் மேல்மட்டமான டிவிஷன் 1-இல் 64 அணிகள் மோதும் தேசியப் போட்டிக்குத் தேர்வானவர்கள் மட்டும் டிசம்பர் தொடக்கம் வரை ஆடுவார்கள். ஆக, உண்மையான போட்டிக்காலம் நான்கு மாதம்கூட இல்லை. மீதி மாதங்களில் புதிய வீராங்கனைகளைத் தேடுவதும், பெற்றோரிடம் பேசுவதும், வரவுசெலவைச் சமாளிப்பதும், மாணவிகளின் மதிப்பெண்களைக் கவனிப்பதும்தான் வேலை. களத்தில் நிற்பதற்காக மட்டுமே இந்தப் பதவியை நாடுபவர் இரண்டே ஆண்டுகளில் சலித்துப்போவார்.

இத்தனை பயிற்சியாளர் பணியிடங்கள் உருவானதற்கு வேர் ஒரு சட்டம். 1972-இல் வந்த டைட்டில் ஒன்பது, அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்தது. ஒரே அணியில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மாணவிகளுக்கு இடம் தரும் கால்பந்து, பெரிய அமெரிக்கன் ஃபுட்பால் அணியை வைத்திருந்த கல்லூரிகளுக்கு ஆண், பெண் எண்ணிக்கையைச் சமன்செய்ய வசதியான வழியாக அமைந்தது. என்சிஏஏ முதல் மகளிர் கால்பந்துப் பட்டப் போட்டியை 1982-இல் நடத்தியது. இன்று அதன் மூன்று டிவிஷன்களிலும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மகளிர் அணிகள் உள்ளன. இதில் ஒரு முரணும் உண்டு. அச்சட்டத்திற்கு முன் மகளிர் அணிகளில் பத்தில் ஒன்பதைப் பெண்களே பயிற்றுவித்தார்கள். சம்பளமும் மதிப்பும் கூடிய பிறகு ஆண்கள் பெருமளவில் நுழைந்ததால், இன்று அந்தப் பங்கு பாதிக்கும் கீழே இருக்கிறது.

எந்த மட்டத்தில் வேலை தேடுகிறீர்கள் என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள், ஏனெனில் பெயர் ஒன்றானாலும் வேலை ஒன்றல்ல. டிவிஷன் 3 கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. படிப்பையும் வளாகத்தையும் காட்டித்தான் மாணவியை ஈர்க்க வேண்டும். டிவிஷன் 2-இல் 9.9 முழு உதவித்தொகைக்குச் சமமான தொகையைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். டிவிஷன் 1-இல் நெடுங்காலம் 14 என்ற வரம்பு இருந்தது. கல்லூரி விளையாட்டு வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரச ஒப்பந்தத்திற்குப் பின், அதில் இணைந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை வரம்பு நீங்கி, அணியில் 28 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரம்பு வந்தது. முன்பு முப்பதுக்கும் மேற்பட்டவர்களை வைத்துக்கொண்டு, அவர்களில் மெதுவாக வளர்பவருக்காகக் காத்திருக்க முடிந்தது. இப்போது அந்தப் பொறுமைக்கு இடம் சுருங்கிவிட்டது.

நுழைவதற்கான வழி பெரும்பாலும் கல்லூரியில் ஆடிய அனுபவம், இளங்கலைப் பட்டம், பிறகு முதுகலை படித்துக்கொண்டே அணிக்கு உதவும் பட்டதாரி உதவியாளர் பணி என்ற வரிசையில் அமைகிறது. சம்பளமில்லாத் தன்னார்வப் பயிற்சியாளர் என்ற பழைய பின்வாசல் டிவிஷன் 1-இல் 2023 ஜூலையோடு மூடப்பட்டுவிட்டது. உரிமங்களைப் பொறுத்தவரை அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனத்தின் டி, சி, பி, ஏ, புரோ என்ற படிகளில் ஏறுங்கள். உதவிப் பயிற்சியாளராக இருக்கும்போதே பி உரிமத்தை முடித்துவிடுவது நல்லது, ஏனெனில் தலைமைப் பொறுப்புக்கு வந்தபின் அதற்கு நேரம் கிடைக்காது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடக்கும் யுனைடெட் சாக்கர் கோச்சஸ் என்ற பயிற்சியாளர் சங்கத்தின் மாநாட்டுக்குப் போவதன் பயன், அங்கு நடக்கும் வகுப்புகளைவிடக் கூடத்தில் நின்று பேசும் பேச்சுகளில்தான் அதிகம்.

அதன் பிறகு இரண்டு பாதைகள் பிரிகின்றன: சிறிய கல்லூரியில் சீக்கிரமே தலைமைப் பொறுப்பேற்பது ஒன்று, பெரிய கல்லூரியில் உதவிப் பயிற்சியாளராகக் காத்திருப்பது மற்றொன்று. பெக்கி பர்லி முதல் பாதைக்கு எடுத்துக்காட்டு. இருபதுகளின் தொடக்கத்திலேயே ஜார்ஜியா மாநிலத்தின் சிறிய பெர்ரி கல்லூரியில் தலைமைப் பொறுப்பேற்ற அவர், அங்கு என்ஏஐஏ என்ற சிறிய கல்லூரிகளுக்கான அமைப்பின் பட்டங்களை வென்று, பின்னர் புளோரிடா பல்கலைக்கழகத்தில் 1995-இல் முதல் பருவத்தைத் தொடங்கிய புதிய அணியை 1998-இலேயே தேசியப் பட்டத்துக்குக் கொண்டுசென்றார். இறுதி ஆட்டத்தில் அவர் வீழ்த்தியது அசைக்க முடியாததாகக் கருதப்பட்ட வட கரோலினாவை. மார்கரீட் அவோசாசா இரண்டாம் பாதையில் வந்தவர். ஸ்டான்ஃபோர்டில் ஏழு பருவங்கள் உதவிப் பயிற்சியாளராக இருந்துவிட்டு, லாஸ் ஏஞ்சலஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமான யுசிஎல்ஏவில் பொறுப்பேற்ற முதல் ஆண்டிலேயே, 2022-இல், தேசியப் பட்டம் வென்றார். பெரிய கல்லூரியின் பெயர் தரும் பளபளப்பு இருந்தாலும், நான் பரிந்துரைப்பது முதல் பாதையையே. சிறிய கல்லூரியில் பேருந்து ஏற்பாடு முதல் கோல்கீப்பர் பயிற்சி வரை எல்லாமே உங்கள் தலையில் விழும். தவறுகளை அதிகக் கண்கள் படாத இடத்தில் செய்துமுடிக்கவும் முடியும். ஏற்கெனவே ஆட்களைச் சேர்க்கும் பொறுப்பு முழுவதையும் உங்களிடம் ஒப்படைத்துவிட்ட தலைமைப் பயிற்சியாளரிடம் பணியாற்றுகிறீர்கள் என்றால் மட்டும் அங்கேயே தங்குங்கள்.

ஏனெனில் இந்தத் தொழிலின் உயிர்நாடி ஆள் சேர்ப்பு. டிவிஷன் 1 விதிப்படி, உயர்நிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டை முடிக்கும் மாணவியோடு ஜூன் 15 முதல்தான் நீங்கள் நேரடியாகத் தொடர்புகொள்ளலாம். வளாகத்துக்கு அதிகாரபூர்வமாக அழைப்பதற்கு ஆகஸ்ட் 1 வரை பொறுக்க வேண்டும். அந்த ஜூன் 15 நள்ளிரவில் நூற்றுக்கணக்கான தொலைபேசிகள் ஒரே நேரத்தில் ஒலிக்கும். அதற்குள் உங்கள் பட்டியல் தயாராக இல்லையென்றால் நீங்கள் பிந்திவிட்டீர்கள் என்று பொருள். ஆகவே ஈசிஎன்எல் போன்ற இளையோர் கழக லீகுகளின் காட்சிப் போட்டிகளில் மைதானம் மைதானமாக நடந்து, பந்தோடு ஒருத்தி என்ன செய்கிறாள் என்பதை மட்டுமல்லாமல், பந்தை இழந்த அடுத்த மூன்று நொடியில் என்ன செய்கிறாள், மாற்றப்பட்டு வெளியே வந்ததும் எப்படி உட்காருகிறாள், பெற்றோர் கத்தும்போது எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கால்திறனைக் காணொளியிலும் பார்த்துவிடலாம். மற்றவற்றை நேரில்தான் பார்க்க முடியும். கல்லூரி மாற விரும்புபவர்கள் பெயர் பதியும், 2018-இல் வந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டலால், வேறு கல்லூரியில் ஆடித் தேறியவரையும் எடுக்கலாம், உங்களிடம் தேறியவரையும் இழக்கலாம். நிலைமை இப்படியிருக்க, புதிதாக வருபவரைத் தேடும் அதே அக்கறையோடு இருப்பவரிடமும் பேசாத பயிற்சியாளரின் அணி ஆண்டுதோறும் கரையும்.

கல்லூரி ஆட்டத்துக்கென்றே உள்ள விதிகளை மனப்பாடமாக அறிந்திருங்கள். மாற்றப்பட்டு வெளியேறிய வீராங்கனை முதல் பாதியில் பொதுவாகத் திரும்ப இறங்க முடியாது, இரண்டாம் பாதியில் ஒருமுறை இறங்கலாம் என்பதால், பெஞ்சில் இருப்பவர்களை எப்போது இறக்குவது என்ற கணக்கே தனி உத்தி. கடிகாரம் 45-இலிருந்து பூஜ்யத்தை நோக்கி இறங்குகிறது. நடுவரின் மனத்தில் இருக்கும் கூடுதல் நேரம் என்ற மர்மம் இங்கே இல்லை. 2022 இறுதி ஆட்டத்தில் 16 நொடி மிச்சமிருக்கும்போது யுசிஎல்ஏ சமன் கோல் அடித்ததை எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தபடியே கண்டார்கள். போட்டிக்காலத்தில் வாரத்துக்கு 20 மணிநேரப் பயிற்சிதான், ஒரு நாள் கட்டாய ஓய்வு, மற்ற காலத்தில் 8 மணிநேரம். வரம்பைத் தாண்டினால் கல்லூரிக்கே தண்டனை வரும்.

நேர்காணலுக்குப் போகும்போது கேள்விகளை நீங்களும் கொண்டுபோங்கள். அணிக்கான உதவித்தொகைக்கு உண்மையில் எவ்வளவு பணம் இருக்கிறது, எத்தனை உதவிப் பயிற்சியாளர்களுக்கு முழுநேரச் சம்பளம் உண்டு, விமானமா பேருந்தா, மாணவிகளின் படிப்பை அளக்கும் என்சிஏஏவின் கல்வி முன்னேற்றக் குறியீடு 930 என்ற எல்லைக்கு எவ்வளவு மேலே இருக்கிறது, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, இடையில் நீக்கினால் என்ன கிடைக்கும் என்பவற்றுக்கு விளையாட்டுத் துறை இயக்குநர் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். முந்தைய பயிற்சியாளர் ஏன் போனார் என்பதை இயக்குநரிடம் கேட்பதோடு நிற்காமல், பட்டம் பெற்று வெளியேறிய இரண்டு வீராங்கனைகளிடமும் கேளுங்கள். இரண்டு பதில்களும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த வேலையைப் பற்றி மறுபடி யோசியுங்கள்.

வேலை கிடைத்ததும் முதல் வாரத்தில் உத்தி வரைபலகையைத் தொடாதீர்கள். பயிற்சியாளர் மாறும்போது போர்ட்டலில் பெயர் பதிய வீராங்கனைகளுக்குத் தனி அவகாசம் திறக்கும். எனவே அணியின் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அரைமணி நேரம் சந்தித்து, அவர் ஏன் இந்தக் கல்லூரிக்கு வந்தார், எது அவரைத் தங்கவைக்கும் என்று கேட்டு, பதிலை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.