மகள் கட்டிய ரேஸ் காரில் ஏறும் முன்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் என் மகள் ஒரு பழைய மாருதி எஸ்டீமைப் பிரித்துப் போட்டு இரண்டரை வருடம் வேலை பார்த்தாள். பின் சீட், கதவு அட்டை, ஏசி, கார்பெட் எல்லாம் வெளியே போயின. கார் கவிழ்ந்தாலும் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டு உள்ளே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டுபோய் ஓட்டினாள். நாலு ரவுண்டு போய்விட்டு வந்து, "அப்பா, நீங்களும் ஒருக்கா வாங்க" என்றாள். நான் வேட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். முதல் தவறு அதுதான்.

கோவையில் இது ஒன்றும் புதிதில்லை. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் கார்களை 1980களிலேயே கொண்டுவந்த கரிவரதன் இந்த ஊர்க்காரர். 2003இல் திறந்த அந்த 2.1 கிலோமீட்டர் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒற்றை இருக்கைக் காரில் அப்பாவுக்கு இடமும் இல்லை, பிரச்சினையும் இல்லை. வீட்டுக் காரை மாற்றிக் கட்டும்போதுதான் பக்கத்து சீட் என்று ஒன்று மிஞ்சுகிறது. ரேஸில் அதில் யாரையும் உட்கார வைத்துக்கொண்டு சுற்ற முடியாது. டிராக் வாடகைக்குக் கிடைக்கும் பயிற்சி நாளில்தான் வாய்ப்பு. அன்றைக்கும் பயணியை ஏற்றலாமா என்று அங்கே முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். "சும்மா பைபாஸில் ஒரு சுற்று" என்ற பேச்சே கூடாது. பொதுச் சாலையில் வேகம் பார்ப்பது மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி குற்றம். கார் இன்சூரன்ஸும் ரேஸ், வேகச் சோதனை என்றால் கைவிரித்துவிடும்.

பக்கத்து சீட்டை நம்புவது

கட்டுகிறவர்களின் காசும் கவனமும் டிரைவர் சீட்டுக்குப் போய்விடும். பக்கத்து சீட் கடைசி வாரத்தில், மிச்சம் இருக்கும் போல்ட்டில் உட்காரும். ஏறுவதற்கு முன் சீட்டின் இரு தோளையும் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். அப்புறம் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். காரின் தரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அதில் ஓட்டை போட்டு வெறும் வாஷர் வைத்து முடுக்கினால், கார் மோதும் நேரத்தில் போல்ட் அறுந்து போகாது, தகட்டைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதி ஒரு சீட்டுக்குக் குறைந்தது 4 இடத்தில் 8 மில்லிமீட்டர் போல்ட் கேட்கிறது. அடியில் அகலமான பட்டைத் தகடும் வேண்டும்.

எனக்குப் பட்டறைப் பழக்கம் உண்டு. அன்று குனிந்து பார்த்தபோது பின்பக்கம் இரண்டு போல்ட்டிலும் வெறும் வாஷர். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். சுற்றி அவள் நண்பர்கள். பிள்ளை ஆசையாகக் கூப்பிடுகிறது, நாம் போய் குற்றம் சொல்வதா என்று தோன்றியது. இந்தத் தயக்கம்தான் மற்ற எல்லாத் தவறுக்கும் தாய் என்பது என் எண்ணம். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். முகம் சுண்டிப்போனது. "அடுத்த மாசம் வர்றேன் சாமி" என்றேன். அந்த வாரமே 3 மில்லிமீட்டர் தகடு வெட்டி இருவரும் சேர்ந்து மாட்டினோம்.

கூண்டைப் பார்த்து மயங்குவது

பெயின்ட் அடித்த கூண்டு எல்லாமே பலமாகத்தான் தெரியும். குழாய் என்ன என்று கேளுங்கள். நீளவாக்கில் ஒட்டுத் தையல் இல்லாமல் இழுத்துச் செய்த சிடிஎஸ் குழாயாக இருக்க வேண்டும். பிளம்பிங்குக்கு வாங்கும் ஜிஐ குழாய் இதற்கு ஆகாது. எஃப்ஐஏ கணக்குப்படி, முன் சீட்டுகளுக்குப் பின்னால் நிற்கும் நடு வளையம் 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 கனம், அல்லது 50 விட்டம், 2 கனம். அடுத்து வெல்டிங். குழாயைச் சுற்றி முழு வட்டமும் பற்ற வைத்திருக்க வேண்டும். கூரையை ஒட்டிய மேல் பக்கத்துக்கு வெல்டிங் டார்ச் போகாது என்பதால் பலரும் கீழிருந்து முக்கால் வட்டத்தோடு விட்டுவிடுவார்கள். பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியும் டார்ச் லைட்டும் இருந்தால் பார்த்துவிடலாம். தலைக்குப் பக்கத்தில் போகும் குழாயில் கெட்டியான பேடிங் வேண்டும். ஏசி குழாய்க்குச் சுற்றும் மெத்தென்ற ஃபோம் கணக்கில் வராது. ஹெல்மெட் இல்லாமல் கூண்டு வைத்த காரில் வீட்டுக்குத் திரும்புவதும் தவறுதான். வெறும் தலை அந்தக் குழாயில் பட்டால் நம்மைக் காப்பாற்ற வைத்த இரும்பே மண்டையை உடைத்துவிடும்.

வயிற்றின் மேல் பட்டை

பெரியவர்கள் அதிகம் செய்வது இதைத்தான். பேண்டை எங்கே கட்டுவோமோ அங்கே சீட் பட்டையையும் கட்டிக்கொள்கிறோம். இடுப்புப் பட்டை தொப்பைக்குக் கீழே, இரண்டு பக்கமும் துருத்தும் இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். வயிற்றில் இருந்தால் அடி விழும்போது குடலும் மண்ணீரலும் அழுந்தும். என் மகள் முதலில் மரியாதையாக "கொஞ்சம் இறக்கிக்கங்கப்பா" என்றாள். நான் அரை அங்குலம் இறக்கினேன். பிறகு அவளே காருக்குள் மண்டியிட்டு, என் தொப்பையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் பட்டையை இழுத்து முடுக்கினாள். சின்ன வயதில் அவளுக்கு ஸ்கூல் பெல்ட் போட்டுவிட்டது ஞாபகம் வந்தது. மூச்சு முட்டுவது போல இருந்தால்தான் சரி.

முதலில் இடுப்பு, அப்புறம் தோள். தோள் பட்டைகள் தோளிலிருந்து பின்னால் ஏறக்குறைய படுக்கையாக, லேசாகக் கீழ்நோக்கிப் போக வேண்டும். சீட்டுக்குப் பின்னால் நேரே தரையில் மாட்டியிருந்தால், மோதும்போது அது முதுகெலும்பைக் கீழே அமுக்கும். கால் நடுவே வரும் பட்டை இல்லாவிட்டால் உடம்பு பட்டைக்கு அடியில் வழுக்கும். வேட்டி, புடவை ஆகாது என்பதற்கு இதுதான் காரணம். நைலான், பாலியஸ்டர் தீயில் உருகித் தோலோடு ஒட்டும். ரேஸ் உடை இல்லையென்றால் முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்தி பேண்ட், ஷூ. சட்டைப் பையில் பேனா, ஃபோன் வேண்டாம். கழட்டி மாட்டும் பல் செட் இருந்தால் கழட்டி வைத்துவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பைக் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போவதும் வழக்கம். கார் ரேஸுக்கான எஸ்ஏ ரக ஹெல்மெட்டைத் தீயிலும், கூண்டுக் குழாயில் மோதுவது போலவும் சோதிக்கிறார்கள். பைக் ஹெல்மெட்டுக்கு அந்தச் சோதனைகள் இல்லை. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறு கிலோவுக்குப் பக்கம் வரும். வேகமான வளைவில் கழுத்து அந்த எடையைப் பக்கவாட்டில் தாங்க வேண்டும். கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி டிரைவருக்கு இருந்தால் பயணிக்கும் இருக்க வேண்டும். கழுத்துத் தேய்மானம், இதய நோய், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, சமீபத்தில் கண் ஆபரேஷன் என்று ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பிள்ளையிடமும் சொல்லுங்கள். "வேண்டாம்னு சொல்லிடுவாளோ" என்று மறைக்கிறவர்களே அதிகம்.

உள்ளே உட்கார்ந்த பிறகு

கூண்டுக் குழாயைப் பிடித்துக்கொள்ளக் கை தானாகப் போகும். கூடாது, விரல் நசுங்கும். மார்பில் இருக்கும் தோள் பட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக், ஸ்டீயரிங், பிள்ளையின் கை, இந்த மூன்றையும் எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினாலும் கேட்காது. "போதும்" என்பதற்கு முன்பே ஒரு சைகை பேசிக்கொள்ளுங்கள். டாஷ்போர்டுக்கு மேலே உள்ளங்கையை விரித்துக் காட்டினால் ஓட்டுகிறவர் கண்ணில் படும். தீயணைப்பான் எங்கே, மின்சாரத்தை அறுக்கும் சுவிட்ச் எங்கே, பட்டையை எப்படிக் கழட்டுவது என்று கார் நிற்கும்போதே இரண்டு தடவை செய்து பாருங்கள்.

வாந்தி வருவதற்குக் காரணம் வேகம் மட்டும் இல்லை. எப்போது திரும்பும், எப்போது பிரேக் பிடிக்கும் என்று ஓட்டுகிறவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அவள் பார்க்கிற இடத்தை, அதாவது அடுத்த வளைவை, நீங்களும் பாருங்கள். பாதி குறைந்துவிடும். காலையில் இரண்டு இட்லி, தண்ணீர் போதும். வெறும் வயிறும் ஆகாது.

பிள்ளைகளும் தவறு செய்கிறார்கள். அப்பா ஏறியதும் முதல் ரவுண்டிலேயே முழு வேகம். டயர் சூடாகாத ரவுண்டு அது. என் எடை 78 கிலோ. உள்ளே எல்லாம் கழட்டிய அந்தக் காருக்கு அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பிரேக் பிடிக்கும் இடமே மாறிவிடும், பிரேக்குக்கு வரும் சூடும் கூடும். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 230 டிகிரி வரை கொதிக்காது என்பது கணக்கு. ஈரம் இழுத்துப் பழசானால் 155 வரைக்கும்தான் அந்த உத்தரவாதம். கொதித்தால் குமிழி கட்டும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

எங்களுக்கு நாலாவது ரவுண்டில் அதுதான் நடந்தது, எனக்குத் தெரியாமலே. நேர்ப் பாதையில் திடீரென்று வேகம் குறைந்தது. மெதுவாக ஒரு சுற்று வந்து, டிராக் ஓரம் கார்களை நிறுத்தும் பிட்டில் நிறுத்தினாள். எனக்காகத்தான் நிறுத்துகிறாள் என்று நினைத்து, "நான் நல்லாத்தான் இருக்கேன், இன்னொன்னு போலாம்" என்றேன். உண்மையில் ரெண்டாவது ரவுண்டிலிருந்தே கழுத்து வலித்துக்கொண்டிருந்தது.

"பிரேக் இறங்கிடுச்சுங்கப்பா. மூணாவது ரவுண்டுலயே தெரிஞ்சுது. சொன்னா பயப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

இப்போது சைகை இரண்டு பக்கமும் உண்டு. அவளுக்குச் சந்தேகம் வந்தால் என் முழங்காலை ஒரு தட்டுத் தட்டுவாள். ஒரு தடவைக்கு மூன்று ரவுண்டு, அதற்கு மேல் இல்லை. பிரேக் ஆயில் ஒவ்வொரு தடவையும் புதிது. அடுத்து அவள் அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறாள், சுடிதாரும் எடுத்து வைத்துவிட்டாள். ஆனால் அவள் என்னைவிட அரை அடி குட்டை. சீட்டில் பட்டை நுழையும் துளை அவள் தோளுக்கு மேலே நிற்கிறது. தோள் பட்டை தோளில் படியாமல் தொங்கும். வேறு சீட் தேடிக்கொண்டிருக்கிறோம்.