பதிப்பாளர் மேல் கோபமா? கேம்பெயினை நிறுத்த வேண்டாம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரமாகி சேர்ந்து கதை சொல்லும் விளையாட்டை ஆடும் பலருக்கு 2023 ஜனவரியின் கசப்பு இன்னும் போகவில்லை. இதன் விதிகளை மற்றவர்களும் தங்கள் படைப்புகளில் பயன்படுத்த 2000 முதல் இருந்த திறந்த உரிமத்தை, பதிப்பாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் மாற்றப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதம் பின்வாங்கியது. கோபம் நியாயமானதுதான். அதற்காக நீங்கள் நடத்தும் கேம்பெயினை, அதாவது பல அமர்வுகளாகத் தொடரும் கதையை, பாதியில் கைவிட வேண்டியதில்லை.

பின்வாங்கியபோது எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற, யாரும் பயன்படுத்த அனுமதிக்கும் பொது உரிமத்தில் வெளியிட்டார்கள். இந்த உரிமத்தை இனி யாரும் திரும்பப் பெற முடியாது. பிடிஎஃப் இலவசம், இறக்கி உங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் திறன்களையும் எண்களையும் குறிக்கும் கேரக்டர் ஷீட்டைச் சந்தா கட்டும் தளத்தில் மட்டும் வைக்காதீர்கள், தாளிலும் ஒரு பிரதி இருக்கட்டும். போர்வீரன், மந்திரவாதி போன்ற 12 கிளாஸ்களும் (பாத்திர வகைகள்) தொகுப்பில் உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சப்கிளாஸ்தான் (உட்பிரிவு). சரி, போதாததை ஆட்டக்காரர்களோடு பேசி நீங்களே எழுதுங்கள். ஒரு திறன் அளவுக்கு மீறிப் போனால் அடுத்த அமர்வில் குறைத்துக்கொள்ளலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிய புத்தகங்களையும் தயங்காமல் பயன்படுத்துங்கள், காசு கொடுத்தாயிற்று.

வேறு விதிமுறைக்கே மாற நினைத்தால் கதையின் நடுவில் மாறாதீர்கள். ஒரு கட்டம் முடிந்ததும், ஒரே அமர்வில் முடியும் சின்னக் கதையைப் புதிய விதிகளில் ஆடிப் பாருங்கள். எல்லோருக்கும் பிடித்ததா? அப்புறம் பழைய பாத்திரங்களைக் கொண்டுவாருங்கள். எண்களை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டாம். அந்தப் பாத்திரம் எதில் கெட்டி என்று பார்த்து, புதிதாகவே உருவாக்குங்கள்.