மெக்சிகோவில் பெசோ வாங்குவது எப்படி: மகளைப் பார்க்கப் போகும் அம்மாக்களுக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் 26 வருஷம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவள் நான். சம்பள நாளுக்கு முந்தைய சாயங்காலம் ஒவ்வோர் உறைக்கும் நோட்டு எவ்வளவு, சில்லறை எவ்வளவு என்று பிரித்து வைப்பது என் வேலை. பணத்தை எண்ணாமல் கைமாற்றும் பழக்கம் எனக்குக் கிடையாது.

பினாங்கில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருந்த என் மகளை மெக்சிகோவின் குவாடலஹாராவுக்கு மாற்றினார்கள். அந்த ஊரிலும் அதே மாதிரித் தொழிற்சாலைகள் நிறைய. போன வருஷம் அவளுடைய பேறுகாலத்துக்காக இரண்டரை மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தேன். இப்போது எங்கள் தாமானிலிருந்து (குடியிருப்பிலிருந்து) இன்னும் இரண்டு பேர் கிளம்புகிறார்கள். பணத்துக்கு என்ன வழி என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

முதலில், இங்கே பெசோ தேடி அலைய வேண்டாம். ஈப்போவில் நான் வழக்கமாகப் போகும் பணம் மாற்றும் கடை பாயிடம் கேட்டேன். "பெசோவாம்மா? கோலாலம்பூர்ல சொல்லி வைக்கணும், விலையும் ஏத்தித்தான் குடுப்பாங்க" என்றார். அவர் சொன்னபடி அமெரிக்க டாலராக 300 வாங்கிக்கொண்டேன். இருபதும் ஐம்பதுமாகக் கேளுங்கள். கிழிசல், பேனாக் கோடு, ரப்பர் முத்திரை எதுவும் இருக்கக் கூடாது. அங்கே அழுக்கு டாலரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நம்முடைய வெள்ளியை, அதாவது மலேசிய ரிங்கிட்டை, நம்பிப் போகாதீர்கள். விமான நிலையப் பலகையில் எத்தனையோ நாட்டுக் கொடிகள் இருந்தன, நம்முடையது இல்லை.

இந்த டாலர் முதல் இரண்டு நாளுக்கும் ஆபத்துக்கும்தான். மற்றபடி பெசோ வாங்க ஏடிஎம்தான் நல்ல வழி. அதற்கான வேலை இங்கே, வீட்டில் இருக்கும்போதே தொடங்குகிறது.

நம் நாட்டு பாங்கு அட்டைகளுக்கு வெளிநாட்டுப் பயன்பாடு பொதுவாகப் பூட்டித்தான் இருக்கும். பாங்கின் செயலியிலோ கிளையிலோ அதைத் திறக்க வேண்டும். திறக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். கடையில் அட்டை தேய்ப்பது வேறு, ஏடிஎம்மில் பணம் எடுப்பது வேறு; சில பாங்குகளில் இரண்டையும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். எந்தத் தேதி வரை என்று கேட்டால், திரும்பி வரும் நாளுக்கு ஒரு வாரம் கூட்டியே போடுங்கள். அட்டையில் விசா அல்லது மாஸ்டர்கார்டு சின்னம் இருக்கிறதா என்றும் பாருங்கள், நம் நாட்டு மைடெபிட் சின்னம் மட்டும் இருந்தால் அங்கே செல்லாது. பாங்கில் பதிந்த கைப்பேசி எண்ணையும் ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள், எதையாவது உறுதிசெய்யச் சொல்லி வரும். குவாடலஹாரா நமக்கு 14 மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே காலை பத்து மணிக்கு அட்டை வேலை செய்யவில்லை என்றால் இங்கே நடுராத்திரி. அந்த நேரத்தில் சுங்கை சிப்புட் கிளையில் யார் போன் எடுப்பார்கள்? அட்டையின் பின்பக்கத்து 24 மணி நேர எண்ணைத் தனியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வேறு பாங்குகளின் அட்டை இருந்தால் ஒன்றைக் கைப்பையிலும் மற்றதைப் பெட்டியிலும் வையுங்கள்.

டோக்கியோ வழியாக மெக்சிகோ நகரத்தில் இறங்கினேன். அங்கே விமான நிலையத்துக்குள்ளேயே பணம் மாற்றும் கடைகள் வரிசையாக இருக்கின்றன, 'காசா தெ காம்பியோ' என்று பெயர். பலகையில் 'கொம்ப்ரா', 'வென்டா' என்று இரண்டு விலை எழுதியிருப்பார்கள். கொம்ப்ரா என்பது அவர்கள் டாலரை வாங்கும் விலை. டாலரை நீட்டும் நமக்கு அதுதான் கணக்கு. பெரிய எழுத்தில் வென்டா, அதாவது அவர்கள் விற்கும் விலையைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். நான்கைந்து கடையைச் சுற்றிப் பாருங்கள், கொம்ப்ரா எங்கே கூடுதலோ அங்கே மாற்றுங்கள். பாஸ்போர்ட் கேட்பார்கள். நான் 100 டாலர் மட்டும் மாற்றினேன், போதுமாக இருந்தது.

இப்போது ஏடிஎம். அங்கே அதை 'கஹேரோ' என்கிறார்கள். இந்த இடத்தில்தான் எனக்குப் பணம் போனது, அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

இரண்டாம் நாள் ஒரு கடைவாசலில் தனியாக நின்ற இயந்திரத்தில் 4,000 பெசோ கேட்டேன். அப்போது ஒரு வெள்ளிக்கு ஏறக்குறைய நான்கு பெசோ, ஆக 1,000 வெள்ளி கணக்கு. கடைசியில் திரையில் வெள்ளியிலேயே ஒரு தொகையைக் காட்டி, ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டது. நம் காசிலேயே காட்டுகிறதே, தெளிவாக இருக்கிறதே என்று 'அசெப்தார்' பொத்தானை அழுத்திவிட்டேன். அன்றைக்கு ராத்திரி மகள் செயலியைத் திறந்து பார்த்தால் 1,090 வெள்ளி போயிருக்கிறது. இயந்திரத்துக்காரர்கள் தாங்களே ஒரு விலை வைத்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் கேள்வி வந்தால் 'ரெச்சாசார்' அழுத்துங்கள். சில இயந்திரங்களில் 'சின் கொன்வெர்சியோன்' என்று இருக்கும், மாற்றாமல் கொடு என்று பொருள். வேண்டாம் என்றால் பணமே வராமல் போய்விடுமோ என்று கை தயங்கும். வரும். பெசோவாகவே கணக்கு எழுதப்பட்டு, விசா அல்லது மாஸ்டர்கார்டு விலையில் நம் பாங்கு வெள்ளியைக் கழித்துக்கொள்ளும். அடுத்த முறை அதே 4,000 பெசோவுக்கு எனக்கு 1,020-க்குள்தான் ஆனது, இரண்டு பக்கத்துக் கட்டணமும் சேர்த்து. கடையில் அட்டை தேய்க்கும்போதும் சின்ன இயந்திரம் இதே கேள்வியைக் கேட்கும். அங்கேயும் பெசோதான்.

கட்டணம் இரண்டு உண்டு. இயந்திரம் வைத்திருக்கும் பாங்கு எடுப்பதைத் திரையில் முன்கூட்டியே காட்டுவார்கள். பாங்குக்குப் பாங்கு வித்தியாசம் இருக்கிறது. அதிகமாகத் தோன்றினால் ரத்து செய்துவிட்டு அடுத்த பாங்குக்கு நடக்கலாம், ஒன்றும் பிடிக்க மாட்டார்கள். பானோர்ட்டே, சான்டான்டேர், எச்எஸ்பிசி, பிபிவிஏ எல்லாமே பெரும்பாலும் ஒரே தெருவில் இருக்கும். நம் பாங்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு தொகை பிடிக்கும், அதனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல் வாரத்துக்கு ஒரு தடவை எடுங்கள். நடுவில் நன்கொடை தருகிறீர்களா என்றும் சில இயந்திரங்கள் கேட்கும். அவசரத்தில் அதற்கும் ஆமாம் சொல்லிவிடாதீர்கள்.

பகலில், பாங்குக் கட்டடத்துக்கு உள்ளே இருக்கும் இயந்திரத்திலேயே எடுங்கள். அட்டை சிக்கிக்கொண்டால் கேட்க ஆள் இருப்பார்கள். பணத்தை அங்கேயே எண்ணி உள்ளே வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

2,000 கேட்டால் நான்கு 500 தாள் வரும். 1,900 என்று கேளுங்கள், சின்ன நோட்டும் கலந்து வரும். இது நானாகக் கண்டுபிடித்தது, ஒவ்வொரு வாரமும் பலித்தது. சின்ன நோட்டு இல்லாமல் அங்கே நடமாட முடியாது. வாரச் சந்தையை 'தியாங்கிஸ்' என்கிறார்கள், நம் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை மாதிரி, ஆனால் பகலில். அங்கே தக்காளிக்காரம்மாவிடம் 500-ஐ நீட்டினால் "காம்பியோ (சில்லறை) இல்லை" என்று கையை விரிப்பார். சந்தைக் கழிப்பறைக்குக் காசு, சூப்பர்மார்க்கெட்டில் பையில் அடுக்கித் தரும் வயதானவர்களுக்குக் காசு. அந்தத் தாத்தா பாட்டிகள் பலருக்குச் சம்பளம் கிடையாது, நாம் கொடுப்பதுதான் வருமானம். 5, 10 பெசோ நாணயங்களை ஒரு சுருக்குப் பையில் தனியாகவே வைத்திருந்தேன். பெரிய நோட்டை மூலைக்கு மூலை இருக்கும் ஓக்ஸோ கடையில் தண்ணீர் வாங்கி உடைத்துக்கொள்ளலாம்.

நோட்டில் ஒரு கவனம். 500 பெசோ தாள் நீலம், பெனிட்டோ ஹுவாரெஸ் படம். பழைய 20 பெசோ தாளும் நீலம், அதிலும் அவர்தான். மங்கலான வண்டிக்குள் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. எண்ணைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

விலைப்பட்டியலில் டாலர் குறி போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். பெசோவுக்கும் அதே குறிதான். மருந்துக் கடையில் ஓமத் தண்ணீர் மாதிரி ஏதோ ஒரு பாட்டிலுக்கு 85 என்று அந்தக் குறியோடு பார்த்ததும் திருப்பி வைத்துவிட்டேன். மகள்தான் அது இருபது வெள்ளி சொச்சம் என்று விளக்கினாள். கான்கூன் மாதிரிச் சுற்றுலா ஊர்களில் நிஜமாகவே அமெரிக்க டாலரிலும் விலை சொல்வார்கள், அங்கே மட்டும் எந்தக் காசு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி வாரத்தில் ஏடிஎம் பக்கம் போகாதீர்கள், இருப்பதைச் செலவழியுங்கள். மிச்சமிருந்த நோட்டுகளையும் சுருக்குப் பையையும் மகளிடம் கொடுத்துவிட்டு, வழிச் செலவுக்கு 200 பெசோ மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மாற்றாமல் வைத்திருந்த 200 டாலரை ஈப்போவில் பாயிடமே திருப்பி விற்றேன்.