ஸ்லீப் டெக்னாலஜிஸ்ட் ஆக வேண்டுமா? அளவு நாடாவிலிருந்து தொடங்குங்கள்

குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்றுபோவது போன்ற தொல்லைகளுக்கு ராத்திரி முழுக்கப் படுக்க வைத்துப் பார்க்கும் பரிசோதனை பாலிசோம்னோகிராபி. அதை நடத்துபவர்தான் ஸ்லீப் டெக்னாலஜிஸ்ட். இ.இ.ஜி. (மூளை அலைப் பதிவு), ரெஸ்பிரேட்டரி தெரபி (மூச்சுச் சிகிச்சை), நர்சிங் படித்தவர்களுக்கு வேலை சீக்கிரம் பிடிபடும். பலரும் அலைகளைப் படிப்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். முதல் மாதத்தைக் கைவேலைக்கே கொடுங்கள் என்பதே எங்கள் யோசனை. சரியாக ஒட்டாத எலக்ட்ரோடில் (உடலின் மின் அலையைப் பிடிக்கத் தோலில் ஒட்டும் சிறு உலோகக் கிண்ணம்) வரும் அலையை எந்த நிபுணராலும் படிக்க முடியாது.

படி 1: அளப்பது

மூக்குத்தண்டு நெற்றியோடு சேரும் பள்ளத்திலிருந்து, பிடரியில் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு முண்டு வரை நாடாவை வையுங்கள். 36 செ.மீ. என்றால் 18-இல் கிரீஸ் பென்சிலால் குறி. அடுத்து காதுக்கு முன்னால், வாயைத் திறந்தால் அசையும் பள்ளத்திலிருந்து உச்சி வழியாக மறுபக்கப் பள்ளம் வரை. 35 செ.மீ. என்றால் நடு 17.5. இரண்டு குறிகளும் வெட்டுமிடம் உச்சிப்புள்ளி. அங்கிருந்து 20 சதவீதம், அதாவது 7 செ.மீ. இடப்பக்கம் இறங்கினால் சி3 என்ற எலக்ட்ரோடு ஒட்டும் இடம், வலப்பக்கம் சி4. ஒற்றைப்படை இடம், இரட்டைப்படை வலம். ஒரே தலையை மூன்று தடவை அளந்து, மூன்றும் அரை செ.மீ.க்குள் வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: ஒட்டுவது

நம் கன்னியாகுமரிப் பக்கம் தேங்காய் எண்ணெய் வைக்காத தலை அபூர்வம். எண்ணெய்த் தலையில் எலக்ட்ரோடை ஒட்டும் பேஸ்ட் நிற்காது. அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: அன்றைக்கு ஷாம்பு போட்டுக் குளித்து, எண்ணெய் தொடாமல், முடி காய்ந்தபின் வரவேண்டும்.

வகிடெடுத்து, ஸ்கின் ப்ரெப் ஜெல்லைப் பஞ்சில் தொட்டு, குறித்த இடத்தை மட்டும் தேயுங்கள். கப் எலக்ட்ரோடின் குழி நிரம்பிச் சற்றே மேலெழும் அளவு பேஸ்ட் போதும். விளிம்பில் வழிந்து பக்கத்தில் பரவினால் நீங்கள் அளந்த புள்ளிக்கு அர்த்தமில்லை. மேலே ஒரு அங்குலச் சதுர காஸ் துணி. இம்பீடன்ஸ், அதாவது தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையிலான மின்தடை, 5 கிலோ ஓமுக்கு மேல் இருக்கக் கூடாது.

இடக்கண்ணின் வெளிமூலைக்கு 1 செ.மீ. கீழே ஒன்று, வலக்கண்ணின் வெளிமூலைக்கு 1 செ.மீ. மேலே ஒன்று. இப்படி ஏற்ற இறக்கமாக ஒட்டினால்தான் கண் மேலும் கீழும் அசையும்போதும் இரண்டு கோடுகளும் எதிரெதிராக வரும். தாடை, கால், நெஞ்சு, வயிற்று பெல்ட், விரல் ஆக்சிமீட்டர் எல்லாம் இரண்டு மூன்று நாளில் கைக்கு வந்துவிடும்.

படி 3: விளக்கணைக்கும் முன்

கண்ணை மூடச் சொல்லுங்கள், திறக்கச் சொல்லுங்கள், மேலே கீழே பார்க்க, பல்லைக் கடிக்க, மூச்சை அடக்க, கால் விரலை ஆட்டச் சொல்லுங்கள். சொன்னது திரையில் வராவிட்டால் அப்போதே சரிசெய்யுங்கள். தூங்கியபின் போய்த் தொட்டால் அவர் விழித்துக்கொள்வார்.

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுபவரும் குளச்சலில் கடலுக்குப் போகிறவரும் விடியுமுன்னே எழுந்து பழகியவர்கள். அவர்கள் வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கே விளக்கை அணையுங்கள்.

படி 4: ராத்திரி கெடுவது

மூளை அலைக் கோடுகள் மெதுவாக ஏறி இறங்கி ஊஞ்சலாடினால் பெரும்பாலும் வியர்வை. கடலோரப் புழுக்கத்தில் இது அடிக்கடி வரும். ஆழ்ந்த தூக்கத்தின் மெது அலை என்று ஏமாந்துவிடாதீர்கள். போர்வையை விலக்கி, ஏ.சி.யைக் கூட்டுங்கள். ஒரே கோடு தடித்துக் கறுத்தால் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல். அந்த எலக்ட்ரோடு தளர்ந்திருக்கும். வலப்பக்கத்தின் எஃப்4 (முன்தலை), சி4, ஓ2 (பின்தலை) மூன்றும் ஒன்றாகக் கெட்டால் மூன்றுக்கும் பொதுவான எம்1, அதாவது இடக்காதுக்குப் பின்னால் ஒட்டியதைச் சந்தேகியுங்கள். அவரை எழுப்பாமல் இடப்பக்கத்து எஃப்3, சி3, ஓ1 கோடுகளை வலக்காதுக்குப் பின்னாலுள்ள எம்2-வோடு பார்த்துச் சமாளிக்கலாம்.

படி 5: ஸ்கோரிங் (பதிவைப் படித்துக் குறிப்பது)

பதிவை 30 விநாடித் துண்டுகளாகப் பிரித்துப் படிக்க வேண்டும். மூச்சோட்டம் 90 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்து 10 விநாடியாவது நீடித்தால் அது அப்னியா. கை பழகியபின் அமெரிக்காவின் சான்றிதழ் வாரியமான பி.ஆர்.பி.டி. ஸ்லீப் டெக்னாலஜிஸ்டுகளுக்கு நடத்தும் ஆர்.பி.எஸ்.ஜி.டி. தேர்வை இலக்காக வைக்கலாம்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்: மூக்கில் மாட்டி மூச்சோட்டத்தை அளக்கும் குழாயின் கோடு படுத்துவிட்டதும் அப்னியா என்று குறித்துவிடுகிறார்கள். தெர்மிஸ்டர் (மூக்கு, வாய் இரண்டிலும் மூச்சின் வெப்பத்தை உணரும் கருவி) கோடு ஓடிக்கொண்டிருக்கிறதா, பெல்ட் அசைகிறதா, ஆக்சிஜன் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் அவர் வாயால் மூச்சு விடுகிறார், அல்லது குழாய் நழுவிவிட்டது. நேரத்தைக் குறித்துவிட்டு, ஓசைப்படாமல் உள்ளே போய்க் குழாயைப் பாருங்கள்.