பழைய படமா? வருடத்தோடு 61-ஐக் கூட்டுங்கள்

பழைய தமிழ்ப் படத்தையோ கல்விப் படச் சுருளையோ இணையத்தில் ஏற்றும்முன், வெளியான வருடத்தோடு 61-ஐக் கூட்டுங்கள். வரும் வருடத்தின் ஜனவரி 1 முதல், இந்தியாவில் அந்தப் படத்துக்குப் பதிப்புரிமை (copyright) கிடையாது. திரைப்படத்துக்கு உரிமை 60 ஆண்டுகள். அது வெளியான தேதியிலிருந்து அல்ல, அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஓடும். நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் வந்தது, 2017-இலேயே பொதுச்சொத்து ஆகிவிட்டது. ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கும் அந்த ஸ்டுடியோவின் நுழைவு வளைவுக்குப் பின்னால் உருவான எத்தனையோ படங்கள் இந்தக் கணக்கில் தேறும், தாராளமாகப் பகிருங்கள்!

வருடம் தெரியவில்லையா? முதலில் ஓடும் தணிக்கைச் சான்றிதழில் நிறுத்திப் பாருங்கள், தேதி இருக்கும். டிசம்பர் தேதி என்றால் மட்டும் கவனம். படம் பொங்கலுக்கு, அதாவது அடுத்த வருடம் வந்திருக்கலாம்.

பாட்டை மட்டும் தனியாக வெட்டிப் போடுவதற்கு இந்தக் கணக்கு செல்லாது. பாடல் வரிகளுக்கு, கவிஞர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. அப்புறம், இது இந்தியக் கணக்கு. அமெரிக்காவில் 1956-ஆம் ஆண்டுப் படத்துக்கு 95 ஆண்டுகள் வரை உரிமை நீளும்.