கரைஞ்சு போற ரத்தக்குழாய் கிராஃப்ட்: எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்

அடைச்ச ரத்தக்குழாய்க்கு பதிலா வெக்கற செயற்கைக் குழாய்தான் கிராஃப்ட். பயோமெட்டீரியல்ஸ்ல, அதாவது உடம்புக்குள்ள வெக்கற பொருள்கள் துறைல, இதுல புதுசா புராஜெக்ட் எடுக்கறவங்க பலர் முதல்ல கேக்கறது எந்த பாலிமர் வாங்கறதுன்னுதான். அதுக்கு முன்னாடி குழாயோட விட்டத்தை முடிவு பண்ணுங்க. பெரிய தமனிக்கு டேக்ரான்ங்கற பாலியெஸ்டர் துணிக் குழாய் வருஷக்கணக்கா நல்லாவே ஓடுது, ஆனா 6 மில்லிமீட்டருக்கு கீழ போனா ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கும், இல்லேன்னா தையல் போட்ட இடத்துல உள்சுவர் தடிச்சு வழி குறுகிடும், அதனாலதான் இதய பைபாஸுக்கு இன்னிக்கும் பேஷன்ட்டோட கால்லேர்ந்து சிரையை எடுத்து வெக்கறாங்க. எடுக்க நல்ல சிரையே இல்லாதவங்க நிறைய பேர் இருக்காங்க, இந்த வேலையே அவங்களுக்காகத்தான்.

அடுத்தது கரையற வேகம், மொத்த டிசைனும் இதுலதான் நிக்குது. குழாய் கரையக் கரைய அந்த இடத்துல உடம்பு சொந்தமா சுவர் கட்டிக்கணும். பாலிகிளைகாலிக் ஆசிட்ங்கற பாலிமர்னா சில வாரத்துலயே பலம் போயிடும், சுவர் தயாராகலைன்னா வீங்கி வெடிக்கும். பிசிஎல் (பாலிகேப்ரோலாக்டோன்) பாலிமர் முழுசா கரைய ரெண்டு வருஷத்துக்கு மேலயும் ஆகும், அவ்வளவு நாளும் அழற்சி ஓடிட்டே இருந்தா கால்சியம் படிய ஆரம்பிக்கும். 2012-ல பிட்ஸ்பர்க்ல யாடாங் வாங் குழு செஞ்சதை கட்டாயம் படிங்க. பிஜிஎஸ்னு சீக்கிரம் கரையற எலாஸ்டிக் பாலிமர் உள்ள, மேல மெல்லிசா பிசிஎல் உறை, கூட ரத்தம் உறையாம தடுக்கற ஹெப்பரின், செல் எதுவும் விதைக்காம எலியோட வயித்துத் தமனில வெச்சாங்க, 3 மாசத்துல அங்க பெரும்பாலும் எலியோட சொந்த திசுதான் இருந்துச்சு. எனக்கு இதுதான் சரியான வழின்னு தோணுது.

செய்யறதுக்கு எலக்ட்ரோஸ்பின்னிங் போதும், அதாவது பாலிமர் கரைசலை ஊசி வழியா விட்டு, உயர் மின்னழுத்தத்துல மெல்லிசு நூலா இழுத்து, சுத்தற கம்பி மேல குழாயா படிய வெக்கறது. பிசிஎல் கரைசல் 10-லேர்ந்து 15 சதவீதம், 10-லேர்ந்து 20 கிலோவோல்ட், ஊசிக்கும் சுத்தற கம்பிக்கும் 15 சென்டிமீட்டர் வாக்குல இடைவெளின்னு ஆரம்பிச்சு சரி பண்ணிக்கோங்க. ரூம் ஈரப்பதத்தை தினமும் நோட்ல எழுதுங்க, அது மாறினா நூலும் மாறிடும். கம்பி மேல முதல்ல தண்ணில கரையற பாலிமரை பூசிட்டா அப்புறம் குழாய் கிழியாம கழண்டு வரும். ரொம்ப மெல்லிசு நூல் வேண்டாம், இடுக்கு சின்னதாகி செல் உள்ள போகவே முடியாது. கரைப்பானை வேக்குவம்ல முழுசா எடுங்க. கிருமி நீக்க சூடான நீராவி போடற ஆட்டோகிளேவ் பக்கம் கொண்டு போகாதீங்க, பிசிஎல் 60 டிகிரிலயே உருகிடும், எத்திலீன் ஆக்சைடு வாயு பாருங்க.

டெஸ்டுக்கு ஐஎஸ்ஓ 7198-ங்கற சர்வதேச தரநிலை இருக்கு: வெடிக்கற அழுத்தம், தையல் தாங்கற பலம், விரிஞ்சு சுருங்கற தன்மை. கால் சிரை சுமார் 1,600 மில்லிமீட்டர் பாதரசம் தாங்கும், அதை குறைஞ்சபட்சமா வெச்சுக்கோங்க. புதுக் குழாய்ல மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க, பாதி கரைஞ்ச குழாயையும் ஈரமா 37 டிகிரில வெச்சு அதே டெஸ்ட் பண்ணணும், ஆபத்து வர்றது அந்த கட்டத்துலதான். லேப்ல பஃபர்ங்கற உப்புக் கரைசல்ல கரையற வேகமும் உடம்புல கரையற வேகமும் ஒண்ணு இல்ல, பிஜிஎஸ்ஸை என்சைம் இன்னும் வேகமா அரிக்கும்.

எலில ரிசல்ட் நல்லா வந்துட்டா அதோட நிக்காதீங்க. அதுல வெக்கற துண்டு ரொம்ப குட்டை, ரெண்டு முனைலேர்ந்தும் எண்டோதீலியம் (ரத்தக்குழாயோட உள்பக்க செல் படலம்) வளந்து சீக்கிரமே மூடிடும். மனுஷன்ல அது தையல்லேர்ந்து ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர்தான் வரும், நடுப்பகுதி அப்படியே கிடக்கும். அதனால ஆடு இல்ல பன்னில நீளமான கிராஃப்ட் வெச்சு, நடுவுல வெட்டி எடுத்த துண்டை மைக்ராஸ்கோப்ல பாருங்க.