‘டியூட்டியில் யார்?’ என்று கேட்காத ஒரு வகுப்பு

வார்டில் ஊசி மாறிப்போனால் முதலில் எழும் கேள்வி ‘டியூட்டியில் யார்?’ என்பதுதான். பின்னாலேயே மெமோ வரும். அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இதை மாற்ற, தவறுகளைப் பயமில்லாமல் பேசப் பழக்கும் ஒரு வகுப்பை ஊழியர்களுக்கு நடத்தலாம். ஒரு மணி நேரம், பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு பலகை இருந்தால் தொடங்கிவிடலாம்.

முதலில், பெரிய டாக்டரோ இன்சார்ஜ் சிஸ்டரோ தாம் செய்த ஒரு தவறைச் சொல்லட்டும். இதை விட்டுவிட்டால் வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்புறம் ஒரு உண்மைச் சம்பவம். நான் எடுத்துக்கொள்வது 2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் நடந்தது. ஸ்கேனுக்குப் போன நோயாளியின் பதற்றம் தணிய வெர்செட் கொடுக்கச் சொன்னார்கள். மருந்து அலமாரியின் திரையில் நர்ஸ் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டினார். அந்தப் பெயரில் கிடைக்கவில்லை. தடையைத் தாண்டும் பொத்தானை அழுத்தி எடுத்தது அதே எழுத்துகளில் தொடங்கும் வெக்குரோனியம், தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும் மருந்து. நோயாளி இறந்துபோனார்.

தீர்ப்பை இப்போதே சொல்லிவிடாதீர்கள். பலகையின் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் அமைப்பின் ஓட்டைகள், மறுபக்கம் நர்ஸ் கவனிக்காதவை என்று வகுப்புக்கு வந்தவர்களையே எழுதவிடுங்கள். வெர்செட் திரவம், வெக்குரோனியம் கரைக்க வேண்டிய தூள்; மூடியிலேயே எச்சரிக்கை இருந்தது. அலமாரியோ வெர்செட் என்ற வணிகப் பெயரைக் காட்டவில்லை; மருந்தின் பொதுப்பெயரில்தான் தேட வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் நிரம்பும்.

இப்போது தவறுகளைப் பிரித்துப் போட மூன்று பெட்டிகள். தவறு செய்தவரை நியாயமாக அணுகும் ‘ஜஸ்ட் கல்ச்சர்’ முறையைப் பரப்பிய அமெரிக்கர் டேவிட் மார்க்ஸ் பிரித்தது இது. கைதவறினால் ஆறுதல். குறுக்குவழி பழகியிருந்தால் உட்கார வைத்துப் பேசித் திருத்துவது. ஆபத்து தெரிந்தும் துணிந்தால் நடவடிக்கை. அந்தப் பொத்தான் எந்தப் பெட்டி? சண்டை வரும், வரட்டும். ‘அதே அனுபவமுள்ள இன்னொருவர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார்?’ என்று மட்டும் இடையில் கேளுங்கள். 2022-ல் நீதிமன்றம் அந்த நர்ஸைக் குற்றவாளி என்றதைக் கடைசியில் சொன்னால் அறை அமைதியாகிவிடும்.

கடைசியாக ஒரு பக்கப் படிவம்: என்ன நடந்தது, எங்கே தப்பித்தோம். பெயர் கட்டாயமில்லை. வந்த படிவத்துக்கு ஒரு வாரத்துக்குள் பதில் தெரிய வேண்டும். ‘பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை (கலக்காமல் ஏற்றினால் இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய மருந்து) டிராலியிலிருந்து எடுத்துவிட்டோம்’ என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலே போதும்.

வகுப்பு முடிந்த பிறகு படிவங்கள் கூடும். தவறுகள் பெருகிவிட்டதாக நிர்வாகம் பயப்படும். அதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.